மரச்சீனி நின்ற இடம்

குலசேகரத்தில் மழை விட்டு
ஓட்டிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.
எண்பத்து மூன்று மணி நேர ஆட்டம்
இரவு இரண்டே காலுக்கு முடிந்தது.
திரையில் மேலேறிப் போன பெயர்களை,
கடன்காரன் பஸ் ஏறுவதைப் பார்ப்பதுபோல்
பெர்ஷின் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லேய், இது கள்ளக்கணக்கு."

மூன்றாம் அத்தியாயத்தில்
பனிக்கிணற்றுச் சூனியக்காரி சொன்னது
அவனுக்கு மனப்பாடம்:
மந்திரம் எதையும் புதிதாகப் படைப்பதில்லை,
ஓரிடத்தில் எடுத்துத்தான் இன்னோரிடத்தில் வைக்கும்.
ஒரு விளக்கை ஏற்ற ஒரு விரலின் சூடு.
ஒரு புண்ணை ஆற்ற ஒரு வருட ஞாபகம்.
அப்படியேதான் நடந்தது.
பாலம் எழுப்பியவன் தன் நிழலைக் கொடுத்தான்,
பிறகு அவன் உச்சிவெயிலில் நடப்பதைப் பார்க்க
எங்களுக்கே கூச்சமாக இருந்தது.
கடைசியில் மட்டும்
அரசி வெல்மோரா சும்மா கையை உயர்த்துகிறாள்,
கல்லாய்ப் போன நகரம் மொத்தமும்
தூசி தட்டி எழுந்து ரொட்டி சுடுகிறது.
"நாப்பதாயிரம் பேரு.
யாரு குடுத்தது? எதை?"

நான் அரசியின் கட்சி.
அழுதாளே என்றேன்.
"கண்ணீருக்கு அங்க விலை உண்டா?
எந்தக் கடையிலயாவது வாங்குனானா?"
முடி நரைத்ததே என்றேன்.
"அது வெளிச்சம் அடிச்சதுலே."
கணக்குக்குள் நிற்பதற்குப் பெயர் மந்திரமில்லை,
கூட்டுறவுச் சங்கம் என்றேன்.
எனக்கே பிடித்துப்போனது இந்த வாக்கியம்.
அவன் அசையவில்லை.
"சங்கத்துலயும் ரசீது தருவாவ."

மூன்றரைக்குப் பிரிஜிட்டா மைனி எழுந்து வந்தாள்.
நெற்றியில் விளக்கு, கையில் பால் வெட்டும் கத்தி.
ரப்பர் பட்டை உலர்ந்திருக்குமா என்று
சன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தாள்.
ஆட்டத்தில் அவளும் உண்டு, எங்களைப்போல் அல்ல.
வாளை உருவ மாட்டாள், பெட்டி திறக்க மாட்டாள்.
சோறு வெந்து வடிக்கிற வரைக்கும்
குதிரை ஓட்டுவாள். அவ்வளவுதான்.
மேலே தவிட்டு நிறம், வயிறு வெள்ளை.
மரச்சீனி என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

"தீந்துதா?"
"தீந்து மைனி. எல்லாரும் உயிரோட வந்தாச்சு."
"எனக்க குதிரை?"

நரையை எண்ணினோம், கண்ணீரை எண்ணினோம்,
நாற்பதாயிரம் பேரை எண்ணினோம்.
மைனி அருமனைக்கு அம்மை வீட்டுக்குப் போயிருந்த வாரம்,
படகில் குதிரை ஏறாது என்றான் ஓடக்காரன்.
பெர்ஷின் 'சரி'யை அழுத்தினான்.
நான் பக்கத்தில்தான் இருந்தேன்,
நேந்திரங்காய் சிப்ஸ் தின்றுகொண்டு.

முடிவுக்குப் பிறகும் அந்த உலகத்தைத்
திறந்துதான் போட்டிருந்தார்கள்.
நகரத்திலிருந்து ஆற்றுக்குப் பதினோரு நிமிடம்.
எழுந்தவர்கள் வழியெல்லாம் கையசைத்தார்கள்,
நாங்கள் நிற்கவில்லை.

அக்கரையில் மழை.
சேணம் இறக்கப்படாமல்,
படகு போன திசையில் முகம் வைத்து
அது நின்றிருந்தது.
அதன் காலடியில் ஒரு வட்டத்துக்குப் புல் இல்லை.

"தின்னுருக்கு," என்றேன்.
"வரையாம விட்டிருக்கானுவ. பிழை அது,"
என்றான் பெர்ஷின், மெதுவாக.
கொஞ்ச நேரம் கழித்து அவனே,
"ஒருவேளை இதுதானோ மைனி,
அந்த நாப்பதாயிரத்துக்குக் குடுத்தது?"

"குடுக்கல்லடே," என்றாள் மைனி,
கத்தியைக் கட்டிலில் வைத்துவிட்டு
கைக்கருவியை வாங்கிக்கொண்டே.
"நீங்க விட்டுட்டுல்லா வந்திய."

நெற்றி விளக்கை அணைக்க மறந்திருந்தாள்.
திரையில் அது
மழைக்குள் ஓர் உபரி நிலாவாகக் கிடந்தது.
அவள் தலை திரும்பும் பக்கமெல்லாம் திரும்பியது.
மரச்சீனி முதலில் வரவில்லை.
மூன்றாம் முறை கூப்பிட்டபோது
ஒரு காலை மட்டும் எடுத்து வைத்தது.

வெளியே தோட்டத்தில்
மற்றவர்களின் விளக்குகள் மரம் மரமாய் நகரத் தொடங்கின.
நாலு மணிக்கு வெட்டினால்தான் பால் ஓட்டம்,
அவளுக்குத் தெரியும்.
புல்வெளியில் இன்னும் ஒரு சுற்று போனாள்.